பால் டீச்சர் திரும்ப வாங்கிய சொல்

காலை பதினொன்றரை மணிக்குத் தகவல் வந்தது. நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் அண்ணியின் எண் தெரிந்தது. பேசியது ஓர் ஆண்குரல். "இந்த ஃபோன்ல கடைசியா பேசினது உங்ககிட்டதான் போல. அம்மா படிக்கட்டுல உட்கார்ந்தாங்க. அப்புறம் எழுந்திருக்கல" என்றார். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி அவர். நகரத்தின் மறுமுனையில் ஓர் இடத்தைச் சொன்னார். அங்கே எங்களுக்கு உறவுக்காரர்கள் யாரும் இல்லை. அண்ணி எதற்காக அங்கே போயிருப்பார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நான் போனபோது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படிகள் திரும்புகிற இடத்தில், அண்ணியைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். மடியில் கைப்பை அப்படியே இருந்தது. லிஃப்ட் கதவில் பழுது என்று ஓர் அட்டை தொங்கியது. அட்டையே வெளுத்துச் சுருண்டிருந்தது. பக்கத்துத் தெரு மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இதயம் நின்று நேரமாகிவிட்டது என்றார். அண்ணிக்கு ஐம்பத்தாறு வயது.

சாயங்காலம் அண்ணி வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து மலர்வளையம் வந்தது. கண்காணிப்பாளர் வரவில்லை. அவருடைய ஓட்டுநர் கொண்டுவந்தார். ரிப்பனில் 'அர்ப்பணிப்பின் மறு உருவம்' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தார்கள். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அழுதார். எனக்கு அந்த ரிப்பனை உருவி ஓட்டுநர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. துணிக் கிடங்கில் தள்ளி வைத்தவர்களுக்கு ஆள் செத்த பிறகுதான் அர்ப்பணிப்பு தெரிந்ததா? ரிப்பனில் எழுத வேண்டியது வேறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். நாத்தனார் என்றால் மருமகளை ஆட்டிப் படைப்பவள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டல்லவா. எங்கள் வீட்டில் அது தலைகீழ். வந்த வாரமே என் தலையில் பேன் இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் அறிவித்து, முற்றத்தில் உட்காரவைத்து வாரிவிட்டார். "நாத்தனாரம்மா, உன் தலைக்குள்ள ஒரு ஊரே குடியிருக்கு, வாடகை வாங்குறியா இல்லியா?" என்று கேட்டார். அன்று முதல் கடைசி வரை எனக்கு நாத்தனாரம்மா என்றுதான் பெயர். இனிக்க இனிக்கப் பேச அவருக்குத் தெரியாது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. ஒன்றைச் சொல்லிவிட்டால் அதில் நின்றுவிடுவார். இந்தக் குணத்தை நான் பாராட்டவில்லை. என் குழந்தை சாகக் கிடந்ததும் இதனால்தான்.

அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பிறந்த இடத்திலேயே, பிரசவ வார்டில், சிரித்த முகத்தோடு ஒருவர் கட்டில் கட்டிலாகப் போய்ப் பால் பவுடர் டின்னை அன்பளிப்பாகக் கொடுத்தாராம். அண்ணிக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. எப்படிப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தர யாரும் இல்லை. டின் இருக்கிறதே என்று புட்டிக்கு மாறினார்கள். டின் தீரத் தீரத் தண்ணீர் கூடியது. தண்ணீர், தெருவுக்கே பொதுவான குழாயிலிருந்து பிடித்தது. வயிற்றுப்போக்கில் குழந்தை துணியாகத் துவண்டு மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. பிறகு அவருக்குக் குழந்தை தங்கவில்லை.

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறார். "அந்த டின் மேல ஒரு குழந்தை படம் போட்டிருக்கும், பாத்திருக்கியா? கொழுகொழுன்னு சிரிக்கும். நம்ம புள்ள ஒரு நாளும் அப்படிச் சிரிக்கல" என்றார்.

அதே மருத்துவமனையில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலைக்குச் சேர்ந்தார். விரிப்பு மாற்றப் போன இடத்தில், குழந்தையை வைத்துக்கொண்டு முழிக்கிற பெண்களைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். குழந்தையின் தலையை உள்ளங்கையில் தாங்கி, கன்னத்தை மெல்லத் தொட்டு, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருப்பார். காம்பு மட்டும் உள்ளே போனால் புண்தான், கருவட்டமும் சேர்ந்து போக வேண்டும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். எட்டிப் பார்க்கிற கணவன்மாரை, "நீங்க வெளிய நில்லுங்க, உங்களுக்குப் பால் கட்டுனா கூப்பிடுறேன்" என்று விரட்டுவார். வார்டே சிரிக்கும். வலியில் அழுதுகொண்டிருந்த பெண்ணும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் உடம்பு தளர்ந்து பால் இறங்கும் என்பது அண்ணியின் கணக்கு.

பால் டீச்சர் என்று பெயர் வந்தது அப்படித்தான். கொஞ்ச காலத்தில் மருத்துவமனையே அவரைப் பயிற்சிக்கு அனுப்பி, தாய்ப்பால் ஆலோசகர் என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்தது. டின் கம்பெனிக்காரர்கள் கழுத்தில் டையும் கையில் நாட்காட்டியுமாக வந்தால் வாசலிலேயே மறித்தார். "தம்பி, டின் மேல இருக்கிற குழந்தைக்கு இதைக் குடு. இங்க இருக்கிறதுக்கெல்லாம் அம்மா இருக்காங்க" என்று ஒருவனிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். டானிக், வயிற்றுவலித் தண்ணீர், சத்து மாவு என்று எது வந்தாலும் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரே ஆள் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறான் என்பார்.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனை வார்டுச் சுவரில் நீலச் சாயத்தில் பெரிதாக எழுதி வைத்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, வேறு ஒரு சொட்டும் வேண்டாம். பயிற்சியிலும் அதையேதான் சொல்லித் தந்திருந்தார்கள். அண்ணி அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டார். அவர் மகன் பிறந்தபோது அந்தச் சுவர் அப்படிச் சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான் என்று நம்பினார். அதில் தப்பில்லை. இருந்திருப்பான்தான்.

தப்பு நடந்தது வீட்டுக்கு அனுப்புகிற நாளில். குழந்தை மருத்துவர் தன் அறையில் உட்கார்ந்தபடி, வரிசையாக வரும் சீட்டுகளில் எதையோ கிறுக்கித் தள்ளிவிடுவார். அந்தக் கிறுக்கலில் வைட்டமின் டி சொட்டு மருந்தும் இருக்கும். என்ன, ஏன், எத்தனை நாள் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது. பெண்கள் வெளியே வந்து யாரைக் கேட்பார்கள்? நான்கு நாளாகத் தங்கள் உடம்பைத் தொட்டு, புண்ணைத் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத்தான் கேட்பார்கள். டீச்சர், இந்தச் சொட்டு மருந்து குடுக்கணுமா? அண்ணி சுவரைக் காட்டுவார். ஒரு சொட்டும் வேண்டாம் என்பார். அவர்களும் நிம்மதியாகப் போவார்கள். இப்படி எத்தனை வருடம்.

நானும் கேட்டேன். என் மகன் பிறந்தபோது காம்பு வெடித்து, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்த என்னைத் தாய்ப்பால் கொடுக்க வைத்தது அண்ணிதான். அவர் இல்லாவிட்டால் நான் முதல் வாரமே கைவிட்டிருப்பேன். இதை மறைக்க மாட்டேன். என் கணவர் வாங்கி வந்த சொட்டு மருந்துப் புட்டியைக் குப்பைக் கூடையில் போட்டதும் அவர்தான். "பால்ல இல்லாததா இந்தப் புட்டியில இருக்கு?" என்று கேட்டார். ஆமாம், இருந்தது. பாலில் இல்லாத அந்த ஒன்று, அந்தப் புட்டியில்தான் இருந்தது.

வெயிலில் காட்டினால் போதும் என்று மேல்வீட்டு அக்கா சொன்னார். எங்கள் வீட்டுக்கு வெயில் வருவது ஒரே ஒரு ஜன்னல் வழியாக. தெருப் புழுதிக்காக அதன் கண்ணாடியைச் சாத்தியே வைத்திருப்போம். தினமும் காலையில் அந்த வெளிச்சப் பட்டையில் மகனைப் படுக்கவைத்தேன். அவன் கை கால் உதைத்துக்கொண்டு கிடப்பான். கண்ணாடி வெளிச்சத்தை விடும், உடம்பு வைட்டமின் செய்துகொள்ளத் தேவையான கதிரை விடாது என்பதை யாரும் சொல்லவில்லை. ஆறு மாதம் ஆகாத குழந்தையை நேர் வெயிலில் போடவும் கூடாதாம். அதையும் பிறகுதான் சொன்னார்கள். எல்லாவற்றையும் பிறகுதான் சொல்வார்கள்.

நான்காம் மாதத்தில் ஒரு நாள், சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது அவன் கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. விளையாடுகிறான் என்று நினைத்தேன். கண் ஒரு பக்கம் போய் நின்றுவிட்டது. உதடு நீலமாயிற்று. அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அண்ணி வார்டிலிருந்து சீருடையோடு இறங்கி வந்தார். ஊசி போட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள், நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள். பணியில் இருந்தவர் ஓர் இளம் மருத்துவர். முகத்தில் தூக்கம் இருந்தாலும் குரலில் கடுமை இல்லை. பாலைத் தவிர என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பதில் சொன்னார். அதில் பெருமை இருந்தது. இன்றைக்கும் அந்தப் பெருமை என் காதில் இருக்கிறது.

"பால் மட்டும்தான் டாக்டர். வேற ஒரு சொட்டு உள்ள போகல."

"அதனாலதாங்க இது வந்திருக்கு" என்றார் அவர்.

பிறகு நிதானமாக விளக்கினார். தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகவும் குறைவு. தாய்க்கே குறைவாக இருந்தால் பாலில் இன்னும் குறைவு. அது இல்லாவிட்டால் சாப்பிடுகிற கால்சியம் உடம்பில் சேராது. சில குழந்தைகளுக்கு இப்படி வலிப்பு வரும். சிலருக்கு வராது, மண்டை ஓடு மெத்தென்று இருக்கும், நடக்கும் வயதில் கால் வளையும், அப்போதுதான் தெரியும். அதனால்தான் பிறந்த சில நாளிலிருந்தே தினம் நானூறு யூனிட் கொடுக்கச் சொல்கிறோம் என்றார். பாலில் குறை என்று நினைக்காதீர்கள், பாலும் வேண்டும், சொட்டும் வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணி விடவில்லை. ஆறு மாதம் வேறெதுவும் கூடாது என்றுதானே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டார். மருந்தும் வைட்டமின் சொட்டும் அந்தக் கணக்கில் வராது, அந்த விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார் மருத்துவர்.

"சுவத்துல இல்லையே" என்றார் அண்ணி.



மகன் பிழைத்தான். இப்போது தவழ்கிறான், எதைப் பிடித்தாலும் எழுந்து நிற்கிறான். ஆனால் மருத்துவமனையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மறுவாரம் அண்ணி கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். சுவரில் ஏன் முழுசாக எழுதவில்லை என்று அண்ணி கேட்டார். கண்காணிப்பாளர் மேசையில் இருந்த கண்ணாடி உருண்டையை உருட்டிக்கொண்டே, "நீளமா எழுதினா யாரும்மா படிக்கிறாங்க? சுவர்ல இடமும் பத்தல" என்றார். 'மருந்து தவிர' என்று இரண்டே வார்த்தை எழுத இடம் இல்லையாம். அந்தச் சுவரின் மற்ற பாதியில் புதுக் கட்டடத்தைத் திறந்துவைத்தவர்களின் பெயர்களைப் பட்டம் பதவியோடு எழுதியிருக்கிறார்கள். அதற்கு இடம் இருந்தது.

குழந்தை மருத்துவரையும் கூப்பிட்டார்கள். நான் எழுதித்தான் கொடுத்தேன், என் கடமை முடிந்தது, நடுவில் இந்த அம்மா வேண்டாம் என்று சொன்னால் நான் என்ன செய்வது என்று கையை விரித்தார். அவர் அறைக்கும் அண்ணியின் முக்காலிக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது. இத்தனை வருடத்தில் ஒரு நாள் அந்தப் பத்தடியை நடந்து வந்து, வார்டில் நின்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். எழுதினாராம். கடமையாம். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பது இவர்களுக்காகவே சொன்ன சொல்.

முடிவு என்ன? அண்ணியின் வில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அடித்தளத்தில் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். சுவர் அப்படியே இருந்தது. அண்ணியின் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. அடுத்த வாரமே நாட்காட்டியும் டின்னுமாகக் கம்பெனிக்காரர்கள் வார்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று அங்கே வேலை செய்கிற ஒரு நர்ஸ் சொன்னார். பூனை போனால் எலிக்குக் கொண்டாட்டம்தானே.

அண்ணி என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மகனை வீட்டுக்குக் கொண்டுவந்த சில நாளில் ஒரு சொட்டு மருந்துப் புட்டியோடு வந்து வாசலில் நின்றார். வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லாமல் நின்றேன். அப்போது இருந்த கோபத்தை நான் இப்போதும் நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

"திட்டணும்னா திட்டு, நாத்தனாரம்மா. உள்ளயே வச்சுப் புழுங்காத."

"திட்டினா என்ன ஆகும் அண்ணி?"

"ஒண்ணும் ஆகாது. எனக்குக் கொஞ்சம் ஆறும்." கொஞ்ச நேரம் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. பிறகு சொன்னார். "உனக்கு ஆஸ்பத்திரி பக்கத்துல, நான் பக்கத்துல. தூக்கிட்டு ஓடினோம். மத்தவளுங்களுக்கு யார் இருக்கா? என் வாயால சொன்னது ஒவ்வொரு வீட்டுலயும் உட்கார்ந்திருக்கு. அதை நானே போய்த் திரும்ப வாங்கணும்."

அன்று தொடங்கினார். முகவரிகளைக் கேட்டதற்கு, நோயாளிகளின் விவரத்தை வெளியாளுக்குத் தர முடியாது என்றது மருத்துவமனை. துணிக் கிடங்குக்காரி வெளியாள் ஆகிவிட்டார். அதனால் நினைவிலிருந்துதான் தேடினார். அவருக்குப் பெண்களின் பெயர் நிற்காது, பால் கொடுத்த விதம் நிற்கும். இடது பக்கம் கட்டினவள், மாவு மில்லுக்கு எதிரே வீடு. தூங்குமூஞ்சிக் குழந்தைக்காரி, தையல் கடைக்கு மேலே. அழுதுகொண்டே சிரித்தவள், கணவன் பேருந்து ஓட்டுகிறவன். இப்படித்தான் வீடு வீடாகப் போனார். கிடங்கு வேலை முடிந்த பிறகும், விடுப்பு நாளிலும். போன் எண் கிடைத்தவர்களிடம்கூடப் போனில் சொல்ல மாட்டார். வேண்டாம் என்றதை முகத்துக்கு நேரே சொன்னேன், வேண்டும் என்பதையும் முகத்துக்கு நேரேதான் சொல்ல வேண்டும் என்பார். பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் அவரை அத்தனை படி ஏறவைத்தது.

தடுப்பூசி போடுகிற நாளில் மருத்துவமனை வாசலுக்கு வெளியே, சாலை ஓரமாக நிற்பார். உள்ளே நிற்க விடவில்லை. ஒரு முறை அந்தப் பக்கமாகப் போனபோது நான் பார்த்தேன். கைக்குழந்தையோடு நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து, அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொன்ன சொட்டு மருந்தைக் கொடு, நான் சொன்னது தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னைக்கு வேணாம்னீங்க, இன்னைக்கு வேணும்கிறீங்க. கம்பெனிக்காரன் உங்களையும் வாங்கிட்டானா டீச்சர்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. தன் மகன் செத்த நாளிலிருந்து யாரை எதிர்த்து அண்ணி சண்டை போட்டாரோ, அந்தக் கம்பெனிக்காரன் பெயராலேயே அவரை அடித்துவிட்டாள். அண்ணிக்கு அது எங்கே பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "வாங்கியிருந்தா நான் எதுக்குடி ரோட்டுல நிக்கிறேன், கார்ல வந்திருக்க மாட்டேனா?" என்றார். இன்னொருத்தி, வாத்தியாரே விடையை மாற்றினால் பிள்ளைகள் எப்படித் தேறுவது என்று கேட்டாள்.

"விடை மாறல. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். என் நாத்தனார் புள்ளைக்கே வலிப்பு வந்துது. உன் புள்ளைக்கு வரணுமா?" என்றார் அண்ணி.

சிரிப்பு நின்றது. சீட்டை எடுத்துக் காட்டு என்றார். இரண்டு மூன்று பேர் காட்டினார்கள். காவல்காரன் வந்து, கூட்டம் போடக் கூடாது என்று அவரை எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளினான். மலர்வளையத்தை அனுப்பிய அதே மருத்துவமனையின் காவல்காரன்.

இன்னொரு சிக்கலும் வந்தது. பாலில் இந்தச் சத்து இல்லை என்று கேட்டதும், ஒரு பெண் பாலே வேண்டாம் என்று நிறுத்திவிட்டு டின் வாங்கிவிட்டாள். அதைக் கேள்விப்பட்ட அன்று அண்ணி என் வீட்டுக்கு வந்து சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வாயைத் திறந்தாலும் குத்தம், மூடினாலும் குத்தம்" என்றார். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அந்த வீட்டுக்கே நடந்தார். குழந்தையை அடிக்கடி மாரில் போடவைத்து, வற்றத் தொடங்கிய பாலை மறுபடி ஊறவைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு எந்தப் படி ஏறினாலும் முதல் வார்த்தை, பாலை நிறுத்தாதே என்பதுதான். அதற்கப்புறம்தான் சொட்டு.

மருந்தின் அளவும் புட்டிக்குப் புட்டி ஒரு மாதிரி. ஒரு புட்டியில் ஒரு மில்லியில் இருக்கிற மருந்து, இன்னொரு புட்டியில் ஒரே ஒரு துளியில் இருக்கும். ஒரு பெண் காய்ச்சல் மருந்தின் டிராப்பரை எடுத்து, துளிப் புட்டி மருந்தைக் குழாய் நிறையக் கொடுக்கப் போனாள். அண்ணி கையைப் பிடித்து நிறுத்தி, அதிகமானாலும் ஆபத்து என்று சொல்லி, அவளை மருந்துக்கடைக்கே கூட்டிப் போய்க் கேட்கவைத்தாராம். இனிமேல் நான் சொல்வதையும் நம்பாதே, புட்டியில் போட்டிருப்பதைப் படி, புரியாவிட்டால் கேள் என்றாராம். அண்ணி வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்தது போதும், போய் அவமானப்பட்டது போதும் என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கத்தினார். அண்ணிக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவருக்குத் தெரியும். மருத்துவரிடம் காட்டு என்று சொன்னாரா என்றால், சொன்னார். பத்து வார்த்தை திட்டுக்கு நடுவில் ஒரு வார்த்தையாகச் சொன்னார். அது திட்டோடு திட்டாகப் போய்விட்டது. காட்டுகிறேன், எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டுக் காட்டுகிறேன் என்றார் அண்ணி. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறவர்களை வார்டில் எப்படிக் கிழித்திருப்பார். தன்னைக் கிழிக்க அவருக்கு ஆள் இல்லை.

இறந்துபோவதற்கு முந்தின சாயங்காலம் போனில் பேசினார். இன்னும் ஒரே ஒரு வீடுதான் என்றார். அவர் வார்டில் இருந்த கடைசி வாரத்தில் வீட்டுக்குப் போன இரட்டைக் குழந்தைகள். குறைமாதத்தில் பிறந்தவர்கள், கோழிக்குஞ்சு போல இருப்பார்கள். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் சொட்டு மருந்து முதலில் வேண்டும், இவர்களுக்குத்தான் நான் கடைசியாகப் போகிறேன் என்று தன்னையே நொந்துகொண்டார். அந்தப் பெண்ணின் எண் மாறிவிட்டிருந்தது. மார்க்கெட்டில் அவளுடைய பழைய பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்து, எந்தக் குடியிருப்பு, எத்தனையாவது மாடி என்று கேட்டு வைத்திருந்தார். "ரெண்டையும் ஒரே நேரத்துல போட்டுக் குடுப்பா, பாக்க அழகா இருக்கும். நீயும் வர்றியா?" என்று கேட்டார். எனக்கு வேலை இருந்தது.

அந்தப் படிக்கட்டில் அண்ணியைக் கீழே இறக்கி வண்டியில் ஏற்றிய பிறகு, காவலாளியிடம் நான்காம் மாடி இரட்டைக் குழந்தைக்காரர்களைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அவங்க காலி பண்ணிட்டுப் போய் ரெண்டு வாரம் ஆச்சும்மா. அந்த வீடு பூட்டித்தான் கெடக்கு."

அண்ணி உள்ளே போகும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னிடம் கேட்காமல் நேராக ஏறிவிட்டார்கள் என்றார். உண்மையாகத்தான் இருக்கும். வாசலில் நிற்கிற எந்தக் காவல்காரனிடமும் அண்ணி கேட்க மாட்டார். அவரை எல்லா வாசலிலிருந்தும் விரட்டியே பழக்கியிருந்தார்கள். பூட்டின வீட்டுக்காக, நின்றுபோன லிஃப்டைத் தாண்டி, மூச்சு வாங்க ஏறியிருக்கிறார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது எல்லார்மேலும் வருகிறது. காவலாளிமேல், லிஃப்டைப் பழுது பார்க்காதவர்கள்மேல், சுவரில் இடமில்லை என்றவர்மேல், எழுதிக் கொடுத்தேன் என்றவர்மேல். என்னைக் கேட்டால் அண்ணிமேலும்தான். ஒரு நாள் பொறுத்திருந்தால் நான் கூடப் போயிருப்பேன். மேலே ஏறுவதற்கு முன்னால் கீழே விசாரித்திருப்பேன்.

அந்த வீட்டின் உரிமையாளருடைய எண்ணைக் காவலாளி கொடுத்தார். இரட்டையரின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றம், புது எண்ணை எங்கேயோ குறித்து வைத்திருக்கிறேன், தேடித் தருகிறேன் என்றார் உரிமையாளர். தினமும் காலையில் அவரைக் கூப்பிடுகிறேன். எதற்காகக் கேட்கிறேன் என்று முதல் நாளே முழுசாகச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் கூப்பிட்டேன். வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்கள், நாளைக்குப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். எண் இன்னும் வரவில்லை.